ஆறாம் கேள்விக்குப் பதில்

ஜனவரி 12

அன்புப் பேரன் குண்டூசிக்கு,

பாட்டி எழுதுவது. நான் நலம். அந்தச் சளி உன்னை விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இங்கே நல்ல சேதிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உன் அத்தையின் மூத்தவள் பல் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டாள். முதல் நோயாளி அவளுடைய அப்பாவேதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது அவர் போட்ட சத்தத்தில், வெளியே முறைக்காக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். நடுவுள்ளவன் சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினீயர் ஆகிவிட்டான். மூன்றாம் என்றால் மட்டம் என்று நினைக்காதே, அவனுக்குக் கீழே பதினோரு பேர். கடைசிக் குட்டி நீச்சல் போட்டியில் இரண்டாவது. முதலில் வந்தவளுக்குக் கால் நீளமாம். அதனால் நான் இதையும் முதல் பரிசாகவே தெருவில் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் உன்னைப் பற்றிச் சொல்வேன். நல்லது கடைசியில் வரவேண்டும் அல்லவா. ஆனால் உன் வேலைதான் யாருக்கும் புரிவதில்லை. மாடி வீட்டுத் தையல்காரி கேட்டாள், "ஏன் பாட்டி, நல்லா இருக்கிற இரும்புத் தகட்டை லட்சம் தடவை வளைச்சு எதுக்கு உடைக்கணும்?" நான் விடவில்லை. "விமானத்து றெக்கை வானத்துல உடையக் கூடாதுன்னா, என் பேரன் அதைக் கீழேயே உடைச்சுப் பார்த்தாகணும். நீ விமானம் ஏறுறப்போ அவனை நினைச்சுக்கோ" என்றேன். அவள் எங்கே விமானம் ஏறப் போகிறாள், அது வேறு விஷயம்.

உன் அப்பாவும் அம்மாவும் நாலு வயதில் உன்னை என்னிடம் விட்டுப் போனபோது நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையில் வளர்ந்த பிள்ளை விஞ்ஞானி. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பிரிவுத் தலைவர் ஆக்கப் போகிறார்கள் என்று எழுதினாயே, ஆக்கிவிட்டார்களா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் பேசினால் பாதி என் காதில் விழாது, விழுந்த பாதியும் மறந்துபோகும். எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் பாட்டி


பிப்ரவரி 2

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மூத்தவளுக்கு என் வாழ்த்து. என் பல்லை அவளிடம் காட்டமாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

பிரிவுத் தலைவர் பதவி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மே மாதத்தோடு வேலையை விடுகிறேன். குருமடத்தில் சேர்ந்து மாதா கோயில் சாமியார் ஆவதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், நாலு தாள் வீணானதுதான் மிச்சம். அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

எங்களுக்குத் தகடு வெட்டிக் கொடுத்த லேத்துக்காரரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். தொண்டையில் புற்று வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. பார்க்கப் போனபோது ஜெபப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, சத்தமாக வாசி என்று சைகை காட்டினார். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லையே அண்ணே" என்றேன். சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "எனக்கு இருக்கு. உனக்குக் குரல் இருக்கு. போதும்."

ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் போய் வாசித்தேன். கருவியின் செய்முறைக் கையேட்டை வாசிக்கிற மாதிரிதான் வாசித்தேன். செப்டம்பரில் அவர் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு என் அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசிக்கவில்லை பாட்டி, சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லை என்று தோன்றவில்லை. இதற்கு மேல் என்னிடம் நிரூபணம் இல்லை.

குருமட அதிபர் உங்களுக்கு ஒரு படிவம் அனுப்புவார். வளர்த்தவர் தம் கையால் நிரப்பி, மே கடைசிக்குள் அனுப்ப வேண்டும். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். வருத்தத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
குண்டூசி


பிப்ரவரி 14

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? இதை உட்கார்ந்துகொண்டு படி.

நம் குண்டூசி வேலையை விட்டுவிட்டுச் சாமியார் ஆகப் போகிறானாம். உனக்கு நினைவிருக்கும், பத்து வயதில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். காலைப் பிடித்து இழுத்தால், "சாமி எத்தனை அடி உயரம்னு சொல்லு, வர்றேன்" என்பான். அவன்தான்.

அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. தையல்காரிதான் படித்துச் சொன்னாள். சாமியார் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "இது உங்களுக்கு வந்த கடிதந்தானா பாட்டி?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஏன் நானே படிக்கவில்லை என்று கேட்பாய். உனக்கு மட்டும் சொல்கிறேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது, அதுவும் மங்கல். டாக்டர் ஒளிக்கவில்லை. "போனது போனதுதாம்மா. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாம். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ" என்றார். கடிதம் எழுத மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறேன். அட்டையைத் தாள் மேல் வைத்து அதன் ஓரத்தோடு எழுதினால் வரி கோணாது.

படிவமும் வந்துவிட்டது. ஆறு கேள்வி. ஆறாவது இதுதான்: இவருடைய பராமரிப்பை நம்பியிருக்கும் முதியவர் குடும்பத்தில் உண்டா, உண்டெனில் அவருடைய உடல்நிலை என்ன? தையல்காரி சொல்கிறாள், "அப்படி ஒருத்தர் இருந்தா சேர்த்துக்க மாட்டாங்க பாட்டி. வீட்டைக் கவனிப்பான்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

ஆமாம் என்று எழுதினால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். இல்லை என்று எழுதினால் போய்விடுவான். எனக்கு எதை எழுத ஆசை என்று உனக்குத் தெரியும். ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன். ஆறாவது வெறுமனே கிடக்கிறது. படிவத்தை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் ஒரு முடிவுக்கு வரும்வரை என் கண்ணைப் பற்றி அவனிடம் மூச்சு விடாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
அம்மா


பிப்ரவரி 26

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. வருத்தத்தை எழுது என்றாய். வருத்தம் எழுத இரண்டு தாள் போதாது, அதனால் கேள்வி மட்டும் கேட்கிறேன். மேலதிகாரி யாராவது திட்டினாரா? எதையாவது தப்பாக அளந்து மாட்டிக்கொண்டாயா? ஏதாவது பெண் உன்னை வேண்டாம் என்றாளா? வேண்டாம் என்றிருந்தால் அவள் முகவரியை அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

லேத்துக்காரருக்கு நீ வாசித்தது நல்ல காரியம். அதற்காக வேலையை விடவேண்டுமா? சனிக்கிழமை சனிக்கிழமை வேறு யாருக்காவது போய் வாசி. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இருந்தவள் சொல்கிறேன், அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

எதிலிருந்தோ தப்பி ஓடுகிறாயா, எங்கேயோ போய்ச் சேர ஓடுகிறாயா? அதை மட்டும் மறைக்காமல் எழுது. தையல்காரி வேறு, "இனிமே விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறணும் பாட்டி, உடைச்சுப் பார்க்க ஆளில்லையே" என்கிறாள். சிரித்து வைத்தேன்.

வேளைக்குத் தூங்கு.
பாட்டி


மார்ச் 18

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே குளிர் குறைந்ததா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

யாரும் திட்டவில்லை. தப்பாக எதையும் அளக்கவில்லை. அனுப்புவதற்கு முகவரியும் இல்லை. எங்கள் இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு, "ஆறு மாசம் லீவு எடுத்துக்கப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார். "உடம்பு சரியில்லாதவனுக்குத்தான் சார் லீவு. எனக்கு வேலை மாறுது, அவ்வளவுதான்" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

அறிவியல் மேல் எனக்குக் கோபமோ சலிப்போ இல்லை. கடைசித் தகடு இன்னும் யந்திரத்தில் வளைந்துகொண்டிருக்கிறது. அது விரிசல் விட்ட எண்ணிக்கையைக் குறித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஓடுகிறவன் அதற்காகக் காத்திருக்கமாட்டான் பாட்டி.

படிவம் வந்ததா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
குண்டூசி


ஏப்ரல் 6

குண்டூசிக்கு,

நான் நலம். முழங்காலும் நலம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரன் வந்து பார்த்துவிட்டு, ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். கப்பல்காரனுக்கு வாந்தி நின்றுவிட்டதாம். கடைசிக் குட்டி அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மேல் வீட்டில் புதுத் தையல் மெஷின்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி


ஏப்ரல் 22

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். இந்த முறை உங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

ஐந்து வருஷமாக நீங்கள் எழுதிய கடிதங்களைத் தேதி வரிசையில் மேசை மேல் பரப்பி வைத்தேன். முதல் வருஷம் ஒரு வரிக்கு ஒன்பது சொல். போன வருஷம் ஏழு. இந்த ஜனவரியில் ஐந்து. ஏப்ரலில் மூன்று. எழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசி நாலு கடிதங்களில் கு, மு, ழ எல்லாவற்றுக்கும் கீழ்ப்பகுதி ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. பேனா எதிலோ முட்டி நின்ற மாதிரி. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு, தாள் மேல் ஓர் அட்டையை வைத்து எழுதிப் பார்த்தேன். அதே வெட்டு விழுந்தது.

உடனே அத்தைக்குப் போன் செய்தேன். "அம்மா என்னைப் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கடா" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஏழு மாதம் ஒருவருக்குப் போய் வாசித்தேன். அந்த ஏழு மாதம் உங்களுக்கு யார் பாட்டி வாசித்தார்கள்?

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மே பத்தாம் தேதி கிளம்பி வருகிறேன். படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

குண்டூசி


மே 1

குண்டூசிக்கு,

நலம், நலமறிய ஆவல். விண்ணப்பத்தைத் தொடாதே. பத்தாம் தேதி வராதே. நான் சொல்லும்போது வா. கடிதத்தைப் பரப்பி வைத்துப் பாட்டியை அளக்கிற பயலுக்கு இவ்வளவுதான் பதில்.

பாட்டி


மே 2

மதிப்புக்குரிய அதிபர் சாமி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அங்குள்ள எல்லாரும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

உங்கள் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் மாவு டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுதான், தட்டிவிடுங்கள். ஆறாம் கேள்விக்கு நீங்கள் விட்ட இடம் என் எழுத்துக்குப் போதாது. அதனால் தனித்தாள்.

என் வலது கண் போய்விட்டது. இடது கண் போய்க்கொண்டிருக்கிறது. இதை என் பேரனிடம் மறைத்தேன். முதலில், அவன் வேலைக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று மறைத்தேன். உங்கள் படிவம் வந்த பிறகு, சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று மறைத்தேன். சொன்னால் வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். மார்ச் மாதம் ஒரு நாள், "ஆமாம், நான் இருக்கிறேன்" என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் நடந்தும் போனேன். பெட்டியின் வாய் எங்கே இருக்கிறதென்று தடவிக்கொண்டிருந்தபோது ஒருவர், "கொடுங்கம்மா, நான் போடறேன்" என்றார். கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இப்போது அவனே கண்டுபிடித்துவிட்டான். வருகிறேன் என்கிறான். வந்தால் முகம் சுளிக்காமல் இருப்பான். எனக்கு வாசிப்பான், கை பிடித்து நடத்துவான். எனக்கு வயது எழுபத்து நாலு, எங்கள் குடும்பத்தில் தொண்ணூறுக்கு முன்னால் யாரும் கிளம்புவதில்லை. நான் போய்ச் சேரும்போது அவனுக்கு நாற்பத்தேழு இருக்கும். அப்போது அவனைச் சேர்த்துக்கொள்வீர்களா?

எனக்கு மகள் இருக்கிறாள். ஆறு வருஷமாகக் கூப்பிடுகிறாள். மாப்பிள்ளையின் குறட்டைக்குப் பயந்து போகாமல் இருந்தேன். இனிப் போகிறேன். சலவைக்கூடத்தில் விரிப்பின் கிழிசலைக் கண்ணால் தேடமாட்டோம், விரலால்தான் கண்டுபிடிப்போம். அந்த விரல் நன்றாக இருக்கிறது. காலமான கணவரின் பென்ஷனும் வருகிறது. அதனால் ஆறாம் கேள்விக்கு என் பதில்: இல்லை. எனக்கு அவன் வேண்டும், அது உண்மை. ஆனால் நீங்கள் கேட்டது அது அல்ல.

பிள்ளையிடம் இரண்டு குறை உண்டு. சட்டைப் பை நிறைய ஆணியும் கம்பியும் வைத்திருப்பான். ஓயாமல் கேள்வி கேட்பான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்காக அவன் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டான்.

இப்படிக்கு,
அவனை வளர்த்த பாட்டி


மே 19

அன்புள்ள அம்மா,

தங்களுக்கு ஆண்டவரின் சமாதானம். தங்கள் கண்ணுக்காக இங்கே ஜெபிக்கிறோம்.

மாவைத் தட்டிவிட்டுப் படித்தேன். ஆறாம் கேள்விக்கு இதுவரை யாரும் தனித்தாள் வைத்ததில்லை.

தங்கள் பேரனைச் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு நிபந்தனை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் தங்களோடு இருந்து, தங்களை மகள் வீட்டில் அமர்த்திவிட்டு ஆகஸ்டில் வரவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தங்களைப் பார்க்க வருவார். படிப்பு ஏழு ஆண்டு. அவருக்கும் இதை எழுதியிருக்கிறேன்.

கேள்விகளைப் பற்றி எச்சரித்ததற்கு நன்றி.

குருமட அதிபர்


செப்டம்பர் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம், வேண்டுமானால் வரிக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பார். உனக்கு அங்கே படுக்கை, சாப்பாடு, குளிக்க வெந்நீர் எல்லாம் சரியாக இருக்கிறதா? உன் கடிதத்தை மூத்தவள் வாசித்தாள். பல் டாக்டர் என்பதால் எல்லாவற்றையும் அவசரமாகப் பிடுங்குகிற மாதிரி வாசிக்கிறாள். இரண்டு தடவை வாசிக்க வைத்தேன்.

உன் அத்தை வீடு பழகிவிட்டது. என் அறையிலிருந்து சமையலறைக்குப் பதினாலு காலடி, குளியலறைக்கு ஒன்பது. நீ ஜூலையில் என்னை நடக்கவைத்து எண்ணச் சொன்னபோது எரிச்சலாக இருந்தது. இப்போது தேவைப்படுகிறது. மாப்பிள்ளையின் குறட்டை கூட ஒரு விதத்தில் வசதிதான், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. "அத்தை, என்னைக் கலங்கரை விளக்கம் மாதிரி வச்சிக்கிட்டீங்க" என்கிறார். மனிதர் தங்கம். ஆறு வருஷத்தை வீணாக்கிவிட்டேன்.

எதிர் வீட்டு அம்மாளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "விஞ்ஞானியா, சாமியாரா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான். உங்க வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?" என்றேன். இல்லையாம்.

பஸ் நிலையத்தில் நீ படியில் கால் வைத்தவன் இறங்கி வந்து, "பாட்டி, நான் தப்புப் பண்றேனா?" என்று கேட்டாய். பஸ் கிளம்புகிறது ஏறுடா என்று தள்ளிவிட்டேன். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அங்கே நின்று பேசியிருந்தால் நான் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். இல்லை கண்ணு. தப்பில்லை.

இனி ஒரு காரியம். நீ குருப்பட்டம் வாங்கிப் பூசை அங்கி போட ஏழு வருஷம் ஆகும் என்கிறார்கள். போன வாரம் டாக்டர் பார்த்தார். நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இந்த வருஷக் கடைசி வரை தெரியுமாம். பிறகு அவரால் ஒன்றும் சொல்ல முடியாதாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, அது கிடக்கும். ஏழு வருஷம் கழித்து நான் வந்து முன்வரிசையில்தான் உட்காருவேன், உன் குரலைக் கேட்பேன், அங்கியைத் தொட்டும் பார்ப்பேன். ஆனால் அன்றைக்கு நீ எப்படி இருந்தாய் என்று பக்கத்தில் உள்ளவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் அதிபரிடம் கேட்டு ஓர் அங்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள். சம்பாதிக்காததைப் போடமாட்டேன் என்று உன் வழக்கப்படி வாதம் பண்ணாதே. பாட்டி கேட்டாள் என்று சொல், அவர் கொடுப்பார். தலையை வாரிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நில். முகமும் கழுத்தும் தோளும் போதும், கால் வேண்டாம், உன் காலை எனக்குத் தெரியும். சிரிக்கிற மாதிரி ஒரு புதுப் போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடக்காமல் இந்த வாரத் தபாலிலேயே அனுப்பு.

உன் பாட்டி